பட்டனை அழுத்தும் முன்: வீட்டுப் பழைய பிசியை ஃபுல் பேக்கப்புக்குத் தயார் செய்வது எப்படி?

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஹெச்.ஆரிடமிருந்து மெயில் வருகிறது. கடைசி மூன்று மாத பே ஸ்லிப், முந்தைய கம்பெனியின் ரிலீவிங் லெட்டர், ஃபார்ம் 16, டிகிரி சர்ட்டிஃபிகேட் ஸ்கேன் காப்பி, எல்லாம் திங்கட்கிழமைக்குள் வேண்டும். உங்களுக்கு அடுத்த இடத்தில் இன்னொருவர் காத்திருக்கிறார். அவர் கேட்ட அரை மணி நேரத்தில் அனுப்பிவிடுவார். உங்கள் காப்பிகளோ ஹாலில் ஓர் ஓரமாக, துணி போட்டு மூடி வைத்திருக்கும் 2012 மாடல் டெஸ்க்டாப்பில் இருக்கின்றன. அது ஆன் ஆகுமா என்பதே சந்தேகம்.

வீட்டுக் கம்ப்யூட்டரை யாரும் கேரியர் சொத்தாக நினைப்பதில்லை. ஆனால் ரெஸ்யூமே, சர்ட்டிஃபிகேட் ஸ்கேன்கள், ஃப்ரீலான்ஸ் வேலைகளின் ஒரிஜினல் ஃபைல்கள், சைடில் பார்த்துக்கொடுக்கும் கடைக் கணக்குகளின் டேலி டேட்டா எல்லாம் அங்கேதான் கிடக்கின்றன. போன் போனால் ஜிமெயிலில் பாதி திரும்பக் கிடைக்கும். அந்த ஹார்ட் டிஸ்க் போனால் கிடைக்காது.

இப்போது ஏன் அவசரம்? விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனாளர்களுக்கு மட்டும் செக்யூரிட்டி அப்டேட்களை 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்தது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 சிப் கேட்கும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். உங்கள் மூன்றாம் தலைமுறை ஐ3-க்கு அந்த வாசல் மூடியாகிவிட்டது. சீக்கிரமே எஸ்எஸ்டி மாற்றுவீர்கள், அல்லது புது லேப்டாப் வாங்குவீர்கள், அல்லது லினக்ஸ் போடுவீர்கள். மூன்றில் எதுவானாலும் முதல் வேலை ஃபுல் பேக்கப்.

பேக்கப் எடுப்பது ஒரு பட்டன் வேலை. சிக்கலெல்லாம் அதற்கு முன்னால் இருக்கிறது. பழைய மெஷினில் தயாரிப்பு இல்லாமல் அந்தப் பட்டனை அழுத்தினால் எழுபது சதவீதத்தில் நிற்கும். அல்லது 'சக்சஸ்' என்று காட்டிவிட்டு, தேவைப்படும் நாளில் திறக்காது. நான் இங்கே எடுத்துக்கொள்வது நம் ஊரில் சாதாரணமாகப் பார்க்கும் மெஷின்: 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10, சி-டி-இ என்று மூன்று டிரைவ். உங்களுடையது கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் வேலை இதுதான்.

1. எதையும் தொடும் முன் உயிர்நாடி ஃபைல்களை வெளியே எடுங்கள்

பலர் முதலில் க்ளீனிங்கில் இறங்குகிறார்கள். டீஃப்ராக் போடுகிறார்கள், ஆன்டிவைரஸ் ஃபுல் ஸ்கேன் ஓட்டுகிறார்கள். பத்து வயது டிஸ்க்குக்கு அதுவே கடைசி ஓட்டமாக முடியலாம். ஒரு பென்டிரைவ் எடுங்கள். சர்ட்டிஃபிகேட், பே ஸ்லிப், ஆஃபர் லெட்டர், ரிலீவிங் லெட்டர், ஐ.டி. ரிட்டர்ன், நடந்துகொண்டிருக்கும் கிளையன்ட் வேலை, இவற்றை மட்டும் காப்பி செய்யுங்கள். அந்தப் பென்டிரைவை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு ஃபைல்கள் திறக்கின்றனவா என்று பாருங்கள். அதன் பிறகுதான் மற்றதெல்லாம். இனி என்ன உடைந்தாலும் திங்கட்கிழமை மெயிலுக்குப் பதில் அனுப்பலாம்.

2. டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள்

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. சின்னது, நிமிடத்தில் இறங்கிவிடும். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் ஸ்மார்ட் விவரங்களை அது படித்துக் காட்டும். மேலே ஒரு கலர் கட்டம் தெரியும். நீலம் என்றால் குட். மஞ்சள் என்றால் காஷன். சிவப்பு என்றால் பேட்.

கலரோடு நின்றுவிடாதீர்கள். கீழே பட்டியலில் மூன்று வரிகளைத் தேடுங்கள்: ரீஅலோகேட்டட் செக்டர்ஸ் கவுன்ட், கரன்ட் பெண்டிங் செக்டர் கவுன்ட், அன்கரெக்டபிள் செக்டர் கவுன்ட். முதலாவது, கெட்டுப்போன இடங்களுக்குப் பதிலாக டிஸ்க் ஏற்கெனவே மாற்று இடம் ஒதுக்கிவிட்ட எண்ணிக்கை. இரண்டாவதுதான் முக்கியம். படிக்க முயன்று முடியாமல், என்ன செய்வதென்று தெரியாமல் டிஸ்க் நிறுத்தி வைத்திருக்கும் இடங்கள் அவை. பேக்கப் அந்த இடத்துக்கு வரும்போதுதான் தடுக்கி விழும். கடைசியில் உள்ள 'ரா வேல்யூ' நெடுவரிசை ஹெக்ஸாடெசிமலில் இருக்கும். பயப்பட வேண்டாம், எல்லாம் பூஜ்யமாக இருந்தால் நிம்மதி.

மூன்றும் பூஜ்யம் என்றால் அடுத்த வேலை, ஃபைல் சிஸ்டம் செக். திஸ் பிசியில் டிரைவ் மீது ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ், டூல்ஸ், செக். ஒவ்வொரு டிரைவுக்கும் செய்யுங்கள். இதில் பிழை இருந்தால் பேக்கப் மென்பொருள் பாதியில் மறுக்கும்.

பெண்டிங் செக்டர் ஏறியிருந்தால் இந்த செக் வேண்டவே வேண்டாம். டிஸ்க் முழுவதையும் துருவும் எந்த ஸ்கேனும் அதன் மிச்ச ஆயுளைத் தின்றுவிடும். நேராக டேட்டாவை முக்கியத்துவ வரிசையில் காப்பி செய்யுங்கள். டிரைவை அப்படியே ஒரே நகலாக எடுக்கும் சிஸ்டம் இமேஜ் எல்லாம் பிறகு. டிஸ்க் 'டக் டக்' என்று சத்தம் போட்டால் மெஷினை அணைத்துவிட்டு டேட்டா ரிக்கவரி ஆளிடம் போங்கள். பவரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணி முயற்சி செய்வது, ஃப்ரீசரில் வைப்பது போன்ற வீட்டு வைத்தியங்கள் வேண்டாம். ரிக்கவரிக்கு ஆகும் செலவைக் கேட்டால் புது டிஸ்க் மலிவாகத் தெரியும்.

3. தேதி, தூசி, கரண்ட்

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் 'எஃப்1 அழுத்தித் தொடரவும்' என்கிறதா? கடிகாரம் எங்கோ பழைய வருடத்தைக் காட்டுகிறதா? பிரவுசர் எந்த வெப்சைட்டையும் திறக்காமல் 'உங்கள் கடிகாரம் தவறு' என்கிறதா? மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. வாட்ச் கடையிலேயே கிடைக்கும். மாற்றிவிட்டு தேதியைச் சரிசெய்யுங்கள். தேதி தவறாக இருக்கும்போது பேக்கப் எடுத்தால், எது புது ஃபைல் எது பழசு என்று பின்னால் யாருக்கும் தெரியாது. அடுத்த முறை மாறியதை மட்டும் எடுக்கும் இன்க்ரிமென்டல் பேக்கப்பும் குழம்பும்.

பேட்டரி மாற்ற கேபினெட்டைத் திறக்கத்தான் போகிறீர்கள். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, பிராசஸர் ஃபேனில் படிந்த தூசியைப் பிரஷ்ஷால் தட்டுங்கள். ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பேக்கப் என்பது பல மணி நேரம் இடைவிடாத ஓட்டம். தூசி அடைத்த மெஷின் சூட்டில் தானாக அணைந்துவிடும்.

அப்புறம் கரண்ட். நாளிதழில் 'இன்றைய மின்தடை' பகுதியைப் பாருங்கள். உங்கள் ஏரியாவுக்கு மாதாந்திரப் பராமரிப்பு நாளென்றால் வேறு நாள் பாருங்கள். யுபிஎஸ் இருந்தால் அதன் பேட்டரி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று ஒரு முறை மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள், ஆனால் இந்தச் சோதனையை டாக்குமென்ட் எதுவும் திறக்காத நேரத்தில் செய்யுங்கள். இடி மின்னல் நேரத்தில் ஆரம்பிக்கவே வேண்டாம்.

4. ஒளிந்திருப்பதைத் தேடுங்கள்

'டி டிரைவில் எல்லாம் இருக்கு, அதை மட்டும் காப்பி பண்ணினா போதும்' என்பது நம் ஊர் நம்பிக்கை. பாதிதான் உண்மை. இந்தப் பட்டியலைப் பிரின்ட் எடுத்து ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள்.

டெஸ்க்டாப்பில் பரப்பி வைத்திருக்கும் ஃபைல்கள் சி டிரைவில் இருக்கின்றன. டவுன்லோட்ஸும் அப்படியே. வீட்டில் அப்பா, தங்கை என்று தனித்தனி லாகின் இருந்தால் ஒவ்வொருவருக்கும் தனித்தனி டெஸ்க்டாப். யூசர்ஸ் போல்டரைத் திறந்து எத்தனை பெயர் இருக்கிறது என்று எண்ணுங்கள்.

அவுட்லுக் பயன்படுத்தியவர்களின் பழைய மெயில்கள் பிஎஸ்டி என்று முடியும் ஒற்றைப் பெரிய ஃபைலில் இருக்கும். டாக்குமென்ட்ஸுக்குள் அவுட்லுக் ஃபைல்ஸ் என்ற போல்டரில் பாருங்கள். பழைய வெர்ஷனாக இருந்தால், மறைந்திருக்கும் ஆப்டேட்டா போல்டருக்குள் பதுங்கியிருக்கும். வியூ மெனுவில் ஹிடன் ஐட்டம்ஸை டிக் செய்தால்தான் அது கண்ணில் படும். ஸ்டிக்கி நோட்ஸில் எழுதி வைத்தவையும், பிரவுசர் புக்மார்க்குகளும் அதே ஆப்டேட்டாவுக்குள்தான்.

டேலி வைத்திருப்பவர்கள் யூசர்ஸ், பப்ளிக் என்று போய்ப் பாருங்கள். அங்கே டேலி ஈஆர்பி 9 அல்லது டேலி பிரைம் போல்டருக்குள் டேட்டா என்று ஒன்று இருக்கும். உள்ளே கம்பெனிகள் பெயரில் எதுவும் இருக்காது, வெறும் எண்களில் போல்டர்கள். இதைத் தெரியாமல் 'ஏதோ டெம்ப் ஃபைல்' என்று டெலிட் செய்தவர்கள் உண்டு. டேலிக்குள்ளேயே இருக்கும் பேக்கப் ஆப்ஷனையும் ஒரு முறை ஓட்டி, டேட்டா போல்டரையும் அப்படியே எடுங்கள். மெஷினை ஃபார்மேட் செய்யப் போகிறீர்கள் என்றால் லைசென்ஸை சரண்டர் செய்ய மறக்காதீர்கள். மார்ச் மாதக் கடைசியில் கிளையன்ட் கணக்கை முடிக்க உட்காரும்போது லைசென்ஸ் பிரச்சினை வந்தால், அடுத்த வருடம் அந்த வேலை பக்கத்துத் தெரு அக்கவுன்டன்ட்டிடம் போய்விடும்.

தமிழ் டைப்பிங், டிடிபி வேலை பார்த்தவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. பாமினி, வானவில், டேம், டேப் என்று யூனிகோடுக்கு முந்தைய ஃபான்ட்களில் அடித்த டாக்குமென்ட்கள் அந்த ஃபான்ட் இல்லாத மெஷினில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் திறக்கும். தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டதே 2010-ல்தான். அதற்கு முன் அடித்தவற்றில் பெரும்பாலானவையும், பின்னால் அடித்தவற்றில் பலவும், இந்த ரகம். சி டிரைவில் விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்று போய் அந்த ஃபான்ட் ஃபைல்களைத் தனி போல்டரில் எடுத்து வையுங்கள். முக்கியமான டாக்குமென்ட்களை இப்போதே பிடிஎஃப் ஆக மாற்றிவிடுங்கள். பேஜ்மேக்கர் ஃபைல்கள் இருந்தால் இன்னும் கவனம். 2001-ல் வந்த 7.0தான் அதன் கடைசி வெர்ஷன். புது மெஷினில் அதை ஏற்றுவது தலைவலி. இப்படிப்பட்ட மென்பொருள்களுக்காகத்தான் வெறும் ஃபைல் காப்பி போதாது, சிஸ்டம் இமேஜும் வேண்டும் என்கிறேன்.

ஒன்டிரைவ் போல்டரில் ஃபைலுக்குப் பக்கத்தில் மேகம் போன்ற ஐகான் தெரிந்தால் அந்த ஃபைல் உங்கள் டிஸ்க்கில் இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது. வேண்டியதை ரைட் கிளிக் செய்து 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' கொடுத்து முதலில் இறக்குங்கள்.

பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை எக்ஸ்போர்ட் செய்யலாம். ஆனால் அந்த ஃபைலை யார் திறந்தாலும் அப்படியே படிக்கலாம். பாஸ்வேர்ட் மேனேஜருக்கு மாற்றியதும் அதை அழித்துவிடுங்கள், ரீசைக்கிள் பின்னிலிருந்தும்.

5. எது உங்களுடையது, எது கம்பெனியுடையது

2020 ஒர்க் ஃப்ரம் ஹோம் காலத்தில் அவசரத்துக்கு ஆபீஸ் ஃபைல்களை வீட்டுக் கம்ப்யூட்டரில் இறக்கியவர்கள் ஏராளம். அவை இன்னும் அங்கேயே கிடக்கின்றன. கஸ்டமர் லிஸ்ட், பிரைசிங் ஷீட், சோர்ஸ் கோட் எதுவானாலும் பேக்கப்புக்கு முன் நீக்குங்கள். சட்டப்படி அது ஆபத்து, கேரியரிலும் அடி. பழைய கம்பெனியின் டேட்டாவோடு வருகிறவரை புது கம்பெனி ரசிக்கலாம், நம்பாது.

உங்களுடையதை விட்டுவிடாதீர்கள். பே ஸ்லிப், ஃபார்ம் 16, அப்ரைசல் லெட்டர், இன்க்ரிமென்ட் லெட்டர் எல்லாம் உங்கள் ஆவணங்கள். ராஜினாமா மெயில் அனுப்பும் முன்பே போர்ட்டலிலிருந்து இறக்கி வைத்துவிடுங்கள். கடைசி நாள் மாலை லாகின் மூடிவிடும். அதன் பிறகு ஹெச்.ஆருக்கு ஃபாலோ-அப் மெயில் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

6. குப்பையைக் குறையுங்கள், அளவோடு

விண்டோஸின் டிஸ்க் க்ளீனப் போதும். 'க்ளீனப் சிஸ்டம் ஃபைல்ஸ்' பட்டனை அழுத்தினால் பழைய அப்டேட் மிச்சங்களும் முந்தைய விண்டோஸ் இன்ஸ்டலேஷனும் காட்டும். அவையே பல ஜிபி. விண்டோஸ் 10-இன் சில வெர்ஷன்களில் டவுன்லோட்ஸ் போல்டரும் அதே பட்டியலில் நிற்கும். ஆபத்து அங்கேதான், டிக் அடிக்கும் முன் படியுங்கள்.

ரெஜிஸ்ட்ரி க்ளீனர், ஸ்பீட் பூஸ்டர் வகையறாக்களைத் தொடாதீர்கள். ஒரே போட்டோ மூன்று இடத்தில் இருக்கிறதே என்று அடுக்கிக்கொண்டு உட்காராதீர்கள். பழைய கல்யாண ஆல்பத்தைத் திறந்தால் அந்த மாலை அங்கேயே முடிந்துவிடும். டிஸ்க் மலிவு, உங்கள் ஞாயிற்றுக்கிழமை அப்படியல்ல.

7. எக்ஸ்டர்னல் டிஸ்க்

பழைய டிஸ்க் 500 ஜிபி என்றால் 1 டிபி வாங்குங்கள். இரண்டு பேக்கப் வைக்க இடம் வேண்டும். மலிவு என்று ஆன்லைனில் நம்ப முடியாத கொள்ளளவு போட்டு விற்கும் பென்டிரைவ்களில் பல போலி. 2 டிபி என்று காட்டும், உள்ளே சில ஜிபிக்கு மேல் எழுதியது காணாமல் போகும்.

டிஸ்க் என்டிஎஃப்எஸ் ஃபார்மேட்டில் இருக்க வேண்டும். ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட எந்த ஃபைலையும் ஏற்காது, இமேஜ் ஃபைலோ நூறு ஜிபியைத் தாண்டும். ஏற்கெனவே டேட்டா உள்ள டிஸ்க்கை ஃபார்மேட் செய்துவிடாதீர்கள்.

போர்ட் எது என்று பாருங்கள். 2012-க்கு முந்தைய பல மதர்போர்டுகளில் யுஎஸ்பி 3.0 கிடையாது. யுஎஸ்பி 2.0 என்றால் நடைமுறையில் நொடிக்குச் சுமார் 30 எம்பிதான். 300 ஜிபி டேட்டாவுக்குக் கணக்குப்படியே சுமார் 2 மணி 47 நிமிடம். ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்கள் இருந்தால் இன்னும் இழுக்கும். நீல நிற யுஎஸ்பி 3.0 போர்ட் இருந்தால் அதே வேலை ஒரு மணி நேரத்துக்குப் பக்கத்தில் முடியும். டெஸ்க்டாப்பில் முன்பக்க போர்ட்டைத் தவிர்த்துப் பின்பக்கத்தில் செருகுங்கள். முன்பக்க போர்ட்டின் உள் வயரும் லூஸ் கனெக்‌ஷனும் பாதி ராத்திரியில் டிஸ்க்கைக் கழற்றிவிடும்.

8. இமேஜ் எடுக்கும் கருவி, அதில் உள்ள கண்ணிகள்

விண்டோஸ் 10-இன் கண்ட்ரோல் பேனலில் 'பேக்கப் அண்ட் ரீஸ்டோர், விண்டோஸ் 7' என்று ஒன்று இருக்கிறது. பெயர் பழசு, வேலை செய்கிறது. மைக்ரோசாஃப்ட் 2017-லேயே இதைக் கைவிடும் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஒரு தடவை பேக்கப்புக்குப் போதும். கொஞ்சம் கற்கத் தயார் என்றால் தைவானில் உருவான க்ளோன்ஜில்லா, அல்லது அதையே எளிய திரையோடு தரும் ரெஸ்க்யூஜில்லா. இரண்டும் இலவசம், பென்டிரைவிலிருந்து பூட் ஆகி வேலை செய்யும். பழைய யூடியூப் வீடியோக்கள் சிபாரிசு செய்யும் மேக்ரியம் ரிஃப்ளெக்ட்டின் இலவசப் பதிப்பு இப்போது கிடையாது.

விண்டோஸ் கருவியில் பலர் மாட்டும் இடங்கள் மூன்று. இன்டர்வியூவிலும் இவற்றைக் கேட்கலாம்.

ஒன்று, இமேஜில் இயல்பாகச் சேர்வது விண்டோஸ் இயங்கத் தேவையான டிரைவ்கள்தான். டி, இ டிரைவ்களை நீங்களாக டிக் செய்ய வேண்டும்.

இரண்டு, அந்த இமேஜை ரீஸ்டோர் செய்யும் டிஸ்க் பழைய டிஸ்க்கின் அளவாவது இருக்க வேண்டும். உள்ளே டேட்டா 100 ஜிபிதானே என்று 240 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி வந்தால் ஏறாது. 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கின் இமேஜ் 480 ஜிபி எஸ்எஸ்டியிலும் ஏறாது. 512 என்றால் ஏறும். சென்னை ரிட்சி தெருவில் பேரம் பேசும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். சின்ன எஸ்எஸ்டிதான் பட்ஜெட் என்றால் விண்டோஸைப் புதிதாக ஏற்றி, இமேஜிலிருந்து ஃபைல்களை மட்டும் எடுத்துக்கொள்ளும் திட்டத்தோடு போங்கள்.

மூன்று, பயாஸ் மோட். சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்தால் லெகசி அல்லது யுஇஎஃப்ஐ என்று காட்டும். லெகசியில் எடுத்த இமேஜ் லெகசியில்தான் ரீஸ்டோர் ஆகும். ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இமேஜ் இருந்தும் பூட் செய்ய எதுவும் இல்லையென்றால் பயனில்லை. 16 ஜிபி பென்டிரைவில் ரிக்கவரி டிரைவ் ஒன்று தயார் செய்யுங்கள். அதிலுள்ள பழையது எல்லாம் அழிந்துவிடும் என்பதால் முதல் படியில் பயன்படுத்திய பென்டிரைவை இதற்கு எடுக்காதீர்கள். அதில் ஒரு முறை பூட் செய்தும் பாருங்கள். பூட் மெனுவுக்கு எந்தக் கீ என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பழைய மெஷினில் அதைக் கண்டுபிடிப்பதற்கு நிதானமான நாள்தான் சரி. லேப்டாப்பில் பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால் 48 இலக்க ரிக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதி வையுங்கள்.

9. ராத்திரி ஓட்டத்துக்கு முன்

பாக்கி நிற்கும் விண்டோஸ் அப்டேட்டை முடித்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். டிஸ்க் நலமாக இருந்தால் ஆன்டிவைரஸ் ஸ்கேன் ஒன்று. வைரஸையும் சேர்த்து பேக்கப் எடுப்பதில் அர்த்தமில்லை. டேலி, அவுட்லுக், பிரவுசர், கூகுள் டிரைவ் சிங்க், டோரன்ட் எல்லாவற்றையும் மூடுங்கள். பவர் செட்டிங்ஸில் ஸ்லீப்பை நெவர் ஆக்குங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகி மூடியைத் திறந்தே வையுங்கள். மானிட்டரில் 'அணைக்காதீர்கள்' என்று ஒரு காகிதம் ஒட்டுங்கள். கிண்டல் இல்லை, வீட்டில் காலையில் முதலில் எழுபவர் செய்யும் முதல் வேலை சுவிட்ச் ஆஃப்.

10. திறந்து பார்க்கும் வரை அது பேக்கப் அல்ல

'சக்சஸ்ஃபுல்' என்ற செய்தியை நம்பி டிஸ்க்கை பீரோவில் வைப்பவர்கள்தான் பெரும்பான்மை. நீங்கள் வேறு மாதிரி செய்யுங்கள். எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் விண்டோஸ்இமேஜ்பேக்கப் என்ற போல்டர் உருவாகியிருக்கும். அதன் பெயரை மாற்றாதீர்கள், வேறு போல்டருக்குள் தள்ளாதீர்கள். ரீஸ்டோர் கருவி அதே பெயரை அதே இடத்தில்தான் தேடும். உள்ளே விஹெச்டிஎக்ஸ் என்று முடியும் பெரிய ஃபைல்கள் இருக்கும். வேறொரு கம்ப்யூட்டரில் டிஸ்க் மேனேஜ்மென்ட் வழியாக அதை ரீட்-ஒன்லி ஆக அட்டாச் செய்தால் உங்கள் பழைய சி டிரைவ் அப்படியே திறக்கும். அதிலிருந்து ஒரு பிடிஎஃப், ஒரு எக்ஸெல், ஒரு போட்டோ, ஒரு வீடியோ திறந்து பாருங்கள். டேலி டேட்டாவை அங்கிருந்து காப்பி செய்து, டேலி இருக்கும் மெஷினில் ஒரு கம்பெனியை லோட் செய்து பாருங்கள்.

முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றுங்கள். செருகியே வைத்திருந்தால் ரான்சம்வேர் வந்த அன்று அதையும் பூட்டிவிடும். புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பிரபலமாக்கிய 3-2-1 விதி இன்றும் ஐ.டி. துறையில் பாடம்: மூன்று காப்பி, இரண்டு வகை மீடியா, ஒன்று வீட்டுக்கு வெளியே. எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒன்று, மெஷினில் ஒன்று, முதல் படியில் எடுத்த உயிர்நாடி ஃபைல்கள் கிளவுடில் ஒன்று என்றால் ஒரு வேலை தேடுபவருக்குப் போதும். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி அந்தச் சின்ன போல்டருக்குத் தாராளம். ஆதார், பான் போன்றவை இருந்தால் செவன்-ஜிப்பில் பாஸ்வேர்ட் போட்டு ஏற்றுங்கள். சிங்க் ஆகும் கிளவுடை மட்டும் நம்பாதீர்கள். இங்கே டெலிட் செய்தால் அங்கேயும் போய்விடும்.

இந்த வேலைக்குக் கூலி உண்டா? உண்டு. செய்ததையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: மெஷின் விவரம், டிஸ்க் நிலை, எடுத்த டேட்டாவின் அளவு, ஆன நேரம், வந்த எரர், தீர்த்த விதம், சரிபார்த்த முறை. டெஸ்க்டாப் சப்போர்ட், சிஸ்டம் அட்மின் வேலைக்குப் போகிற ஃப்ரெஷரின் ரெஸ்யூமேயில் 'ட்ரபிள்ஷூட்டிங் ஸ்கில்ஸ்' என்ற வார்த்தை எல்லோரிடமும் இருக்கும். 'யூசர் மெஷினை ஃபார்மேட் செய்யும் முன் என்ன செய்வீர்கள்?' என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் 'பேக்கப் எடுப்பேன் சார்' என்பதோடு நிறுத்திவிடுவார்கள். நீங்கள் ஸ்மார்ட் விவரத்தில் தொடங்கி, பிஎஸ்டி ஃபைல், பயாஸ் மோட், டிஸ்க் அளவு, ரீஸ்டோர் சோதனை என்று வரிசையாகச் சொல்வீர்கள். அந்த வித்தியாசத்தை எதிரில் உட்கார்ந்திருப்பவர் அப்போதே கவனித்துவிடுவார்.

ஐ.டி. துறையில் இல்லாதவர்களுக்கும் இது உதவும். ஆபீஸில் 'போன வருஷ ஃபைல் யார்கிட்ட இருக்கு?' என்று மேனேஜர் கேட்கும்போது, இரண்டு நிமிடத்தில் எடுத்துக் கொடுக்கிறவரின் பெயர் அப்ரைசல் நேரத்தில் ஞாபகத்துக்கு வரும். பக்கத்து சீட்டுக்காரர் உங்களைவிட வேகமாக எக்ஸெல் போடலாம். ஃபைல் இல்லையென்றால் அந்த வேகம் எதற்கும் ஆகாது.

மார்ச் 31 உலக பேக்கப் தினம்; 2011 முதல் அனுசரிக்கிறார்கள். நமக்கு அது நிதியாண்டின் கடைசி நாள், அன்று யாருக்கும் நேரம் இருக்காது. அதனால் அந்தத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். இந்தச் சனிக்கிழமை மாலை முதல் மூன்று படிகளை முடியுங்கள், ஞாயிறு பகலில் மிச்சம், ராத்திரி ஓட விடுங்கள். எக்ஸ்டர்னல் டிஸ்க் இன்னும் வாங்கவில்லை என்றால் பரவாயில்லை, முதல் படிக்கு அது தேவையே இல்லை; மேஜை டிராயரில் கிடக்கும் பென்டிரைவை எடுத்து இன்றிரவே ஆரம்பித்துவிடுங்கள்.